மைக் அக்கா வாசித்த ஏழாம் பக்கம்

அந்தப் பேருந்துப் பணிமனையில் மைக் அக்காவைத் தெரியாதவர் கிடையாது. இருபத்திரண்டு வருடமாகக் கண்டக்டர். நிறுத்தத்தின் பெயரை அவர் ஒரு தடவை சொன்னால் போதும், பின் சீட்டில் அசந்து தூங்குகிறவரும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார். ஆனால் ஒரு தாளைக் கையில் கொடுத்து நாலு பேர் முன்னால் வாசிக்கச் சொன்னால், அந்தக் குரல் இருந்த இடம் தெரியாது.

ஏழாம் வகுப்பில் வந்த வினை அது. "அரசர் தேரில் ஏறினார்" என்பதைப் பதற்றத்தில் "அரசர் தேளில் ஏறினார்" என்று வாசித்துவிட்டார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டார். வருடம் முடிகிறவரை அவர் பெயர் தேள்.

டிக்கெட் பரிசோதகர் பதவிக்கான பயிற்சிக்கு இரண்டு முறை கூப்பிட்டார்கள். அங்கே ஆளுக்கொரு பக்கம் எழுந்து நின்று வாசிக்க வேண்டும் என்று கேள்விப்பட்டு, கால் வலி என்று தட்டிக் கழித்தார். மூன்றாவது முறை கூப்பிட்டபோது கால் நிஜமாகவே வலிக்க ஆரம்பித்திருந்தது. நின்றுகொண்டே பார்க்கிற வேலை இனி முடியாது என்று பயிற்சியில் சேர்ந்துவிட்டார்.

மறுநாள் வாசிக்க விதிப் புத்தகத்தின் ஏழாம் பக்கம் கிடைத்தது. சாயங்காலம் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து கணவருக்கு வாசித்துக் காட்டினார். தையல்காரரான அவர் மூன்றாவதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர்.

"என்ன சொல்லுதுன்னே புரியலையே. யாராவது துரத்துறாங்களா உன்னை?"

"ரூல்ஸுங்க. அப்படித்தான் இருக்கும்."

"அது இருக்கட்டும். எனக்குப் புரியிற மாதிரி படி."

ஐந்து முறை வாசிக்க வைத்தார். ஐந்தாவதில் மெஷினை நிறுத்திவிட்டு, "ஓ, இதான் விஷயமா!" என்றார்.

காலையில் பயிற்சி வகுப்பில் எழுந்து நின்று வாசிக்க ஆரம்பித்தார். முதல் வரி முன் பெஞ்சுக்குக்கூடக் கேட்கவில்லை. "அக்கா, மைக்குல கரன்ட் போச்சா?" என்றான் கடைசி பெஞ்சில் இருந்த இளம் கண்டக்டர். சிரிப்பு எழுந்தது.

அக்காவுக்குக் காது சூடேறியது. உட்கார்ந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு, "இருப்பா, சரியா வரலை. முதல்ல இருந்து படிக்கிறேன்" என்றார்.

அந்த இளம் கண்டக்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிதானமாக ஆரம்பித்தார். இரண்டு இடத்தில் நாக்குக் குழறியது. திருத்தி வாசித்தார். "பயணியின் இரு கால்களும் தரையில் பட்ட பின்னரே விசில் கொடுக்க வேண்டும்" என்ற வரியில் அவன் குறுக்கிட்டான்.

"நேரம் ஆயிட்டா என்னக்கா பண்றது?"

"ஆனா ஆகட்டும். ஒரு கால் படியில இருக்கும்போதே கிளம்பின வண்டியில இருந்து ஒரு பெரியவர் விழுந்ததை நான் கண்ணால பார்த்திருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. அந்த வரியை மறுபடி ஒரு முறை வாசித்தார். அறைக்கு வெளியே வராந்தாவில் போன கிளார்க் நின்று எட்டிப் பார்க்கிற அளவுக்குக் குரல் எழுந்திருந்தது. பக்கம் முடிந்ததும் பயிற்சியாளர், "அடுத்த பக்கத்தையும் நீங்களே படிச்சிருங்கம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்டார். "சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, எட்டாம் பக்கத்தையும் படிச்சேன்" என்று சொல்லிவிட்டு, அக்கா செருப்பைக் கழற்றி மூலையில் விட்டார்.