மொட்டைமாடியில் விழுந்த கரி

அந்தச் சலவைக்கூடத்தில் எல்லாரும் அவளை அடுப்புக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். வெந்நீர்க் கொதிகலனுக்கு விறகு போடுவது அவள் வேலை. விரிப்புகளைத் துவைத்து மொட்டைமாடியில் காயப்போடுகிறவள் அவளுடைய ஓரகத்தி. வீட்டிலும் ஒரே சமையலறை, வேலையிலும் ஒரே கூரை. சண்டைக்குக் கேட்பானேன்!

விடுதிக்குப் போன விரிப்புகள் கரும்புள்ளியோடு திரும்பி வந்த அன்று ஓரகத்தி தடதடவென்று படியிறங்கி வந்தாள்.

"அக்கா, எல்லாம் உங்க புகைதான். மறுபடி மறுபடி துவைச்சு கைத்தோலே உரியுது."

"என் தலையில ஏன் போடற? ரோட்டுல லாரி போறது உன் கண்ணுக்குத் தெரியலையா?"

புகை கறுப்பாகக் கிளம்பினால்தான் அடுப்பு நன்றாக எரிகிறது என்று நம்பியவள் அடுப்புக்காரி. அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

கொஞ்ச நாளில் கொதிகலனின் குழாய் ஒழுகவே, அடுப்பை அணைத்தார்கள். அன்று பச்சைத்தண்ணீரில்தான் துவையல். சும்மா இருப்பானேன் என்று அடுப்புக்காரியும் மாடிக்குப் போய் விரிப்புகளை மடித்தாள். ஒன்றில்கூடப் புள்ளி இல்லை. கீழே லாரிகள் வழக்கம்போலத்தான் போய்க்கொண்டிருந்தன. அவள் முகம் தொங்கிப்போயிற்று.

பழுதுபார்க்க வந்த மெக்கானிக்கிடம் போய், புகை ஏன் கறுப்பாக வருகிறது என்று கேட்டாள். அவர் அடுப்புக்குள் எட்டிப் பார்த்தார்.

"தொண்டை வரைக்கும் ஈர விறகைத் திணிச்சு, காத்து வர்ற கதவையும் சாத்திட்டா நெருப்பு எப்படிம்மா மூச்சு விடும்? கறுப்பா போறது சரியா எரியாத கரி."

"கதவைத் திறந்தா விறகு சீக்கிரம் தீந்துடுமேன்னு..."

"காய்ஞ்ச விறகா, கொஞ்சம் கொஞ்சமா போடுங்க. புகை குறையும். ஆனா கண்ணுக்குத் தெரியாத தூசியும் இருக்கு, அதுதான் நெஞ்சுக்குள்ள போகும். அதுக்குப் புகைபோக்கியில வடிகட்டி வைக்கணும்."

மறுவாரமே புகை வெளுத்தது. வடிகட்டிக்குத்தான் முதலாளி பிடிகொடுக்கவில்லை. அடுப்புக்காரி ஓரகத்தியைத் தேடிப் போனாள்.

"நீ சொன்னதுதான் சரி. வா, ரெண்டு பேருமா போய்க் கேப்போம்."

ஓரகத்தி புள்ளி விழுந்த பழைய விரிப்பு ஒன்றை எடுத்துவந்து முதலாளியின் மேசைமேல் விரித்தாள். அவர் அதையும் இவர்களையும் மாறிமாறிப் பார்த்தார். மழைக்காலம் முடிந்ததும் வடிகட்டி வந்தது.

முதல் தடவை அதில் தூசி சேரும் பெட்டியைக் கொட்டியபோது ஒரு வாளி நிறையக் கருந்தூள்.

"இவ்வளவையுமா அக்கா நாம முழுங்கிட்டிருந்தோம்?" என்றாள் ஓரகத்தி.

அடுப்புக்காரிக்குத் தினமும் காலையில் வரும் இருமல் பாதியாகக் குறைந்தது. முழுதாகப் போகவில்லை, பல வருஷப் புகை அவ்வளவு லேசில் விடாது என்றார் டாக்டர்.