உம்மாவின் கைநாட்டு

ஐம்பதுகளின் நடுப்பகுதி. வாப்பாவும் உம்மாவும் ஹஜ்ஜுக்குப் புறப்பட இருந்தார்கள். இலங்கையில் அந்நியச் செலாவணிச் சட்டம் வந்து சில வருடங்கள்தான். சொந்தக் காசானாலும், கொழும்பிலுள்ள அரசாங்க அலுவலகத்தின் அனுமதியில்லாமல் வெளிநாட்டுப் பணமாக மாற்ற முடியாது. கல்முனையில் ஆசிரியராக இருந்த நான்தான் இருவரின் படிவங்களையும் நிரப்பி, மட்டக்களப்பில் ஒரு வங்கியில் கொடுத்திருந்தேன்.

வாப்பாவுக்கு அனுமதி வந்தது. உம்மாவின் படிவம் திரும்பி வந்தது. கைநாட்டுக்குப் பக்கத்தில் சாட்சிக் கையொப்பம் இல்லை. சாட்சி நான், மறந்துவிட்டேன். கப்பலுக்கு இன்னும் பத்து நாட்கள்.

வாப்பாவிடம் சொல்லத் துணிவில்லை. பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டு மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறினேன். கல்லடிப் பாலம் வருவதற்குள் படிவத்தை எத்தனை தடவை விரித்து மடித்தேனோ தெரியாது.

வங்கி அதிகாரியின் முன்னால் பேனாவை எடுத்தேன். "இப்ப வைக்கட்டா?"

"வைக்கேலாது. பிறகு போடுற சாட்சி செல்லாது. உம்மாவக் கூட்டிக்கொண்டு வாங்க. என்ர முன்னால கைநாட்டு வைக்கட்டும்."

ஊர் திரும்பி உம்மாவிடம் மட்டும் சொன்னேன்.

"ஹஜ்ஜுக்குப் போறன், செஞ்ச புழயெல்லாம் பொறுத்துக்கோங்கண்டு ஊரெல்லாம் போய்க் கேட்டுப்போட்டன் மகன். போகாம எந்த முகத்தோட ஊட்டுக்குள்ள இரிக்கிற?"

மறுநாள் முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி வங்கிக்கு வந்தார். விரலை மையில் வைக்குமுன் அதிகாரியைப் பார்த்துக் கேட்டார்:

"தம்பி, எங்கட காசத்தான மாத்துறம். அதுக்கேன் உத்தரவு?"

"வெளிநாட்டுக் காசு நாட்டில குறைவு, அம்மா. ஆளாளுக்கு எடுத்தா, கப்பல்ல அரிசி இறக்க மிஞ்சாது."

உம்மா விரலை மையில் தோய்த்தார். "அது ஞாயந்தான். அப்ப கெதியா அனுப்புங்க."

புதிய படிவம் கொழும்புக்குப் போனது. பதில் வரவில்லை. உம்மாவுக்கான அனுமதி வராமலே, அங்கே போனால் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் இருவரும் கொழும்புக்குப் புறப்பட்டார்கள். பஸ் நிலையத்தில் வைத்துத்தான் வாப்பாவிடம் என் தவறைச் சொன்னேன்.

"நானும் அத வாசிச்சுப் பாத்துத்தான் தந்தன். என்ட கண்ணிலயும் படல்ல. ஆனா மறைச்சியே, அதுதான் புழ." சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினார்.

அடுத்த ஐந்து நாட்களும் வகுப்பில் என் வாய் மட்டுமே பாடம் நடத்தியது. மணி அடித்ததும் தபால் கந்தோருக்கு ஓடுவேன். ஆறாம் நாள் கொழும்பிலிருந்து தந்தி வந்தது. முந்தின நாள்தான் உம்மாவுக்கு அனுமதி கிடைத்ததாம். இருவரும் கப்பல் ஏறிவிட்டார்கள். நம்ப முடியாமல், தபால்காரரிடமே கொடுத்து இன்னொரு தடவை சத்தமாக வாசிக்கச் சொன்னேன்.