கீழ்வீட்டு ஆன்ட்டி எதிரே வந்த காலை

நியூ ஜெர்சியில் நாங்கள் வீடு தேடியபோது, தெரிந்தவர்கள் எல்லோரும் நம்மவர்கள் நிறைந்த பிஸ்கட்டவே என்ற ஊர்ப் பக்கமே வரச் சொன்னார்கள். அங்கே இட்லி மாவு கிடைக்கும், கோயில் கிடைக்கும், ஆபத்துக்கு ஓடிவர ஆள் கிடைக்கும். நாங்கள் போய்ச் சேர்ந்ததோ பெரிய நகரத்தை ஒட்டியிருந்த போர்த்துக்கீசியர்கள் குடியேறிய ஒரு சின்ன ஊரில். காரணம் ரயில். என் கணவருக்கு ஃப்ரீவேயில் கார் ஓட்டுவதென்றால் வேப்பங்காய். "நம்ம ஆளுங்க ஒருத்தர்கூட இல்லாத ஊர்ல எப்படிப்பா survive பண்ணப் போற?" என்று ஒரு தோழி துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டாள்.

ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் உப்பு மீனைப் பலகை பலகையாக அடுக்கிவைத்த கடை ஒன்று உண்டு. முட்டைகூடத் தொடாத வீட்டில் வளர்ந்த நான் முதல் மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டினேன். மூன்றாவது மாதம் பக்கத்து பேக்கரியில் முட்டை போட்ட கஸ்டர்டு டார்ட்டை வெட்கமில்லாமல் தின்றுகொண்டிருந்தேன். கொல்லைதோறும் திராட்சைப் பந்தல், வாசல்தோறும் மாதா படம். முதலில் குடியேறி வந்தவர்கள் ஆபீஸ்களைக் கழுவியும் கான்க்ரீட் வேலை பார்த்தும் கட்டிய வீடுகள் அவை. படித்துமுடித்த பிள்ளைகள் பெரிய வீடுகள் இருக்கும் ஊர்களுக்குப் போய்விட்டார்கள். ஸ்டேஷனைச் சுற்றிக் கண்ணாடி அபார்ட்மென்ட்டுகள் எழும்ப, வாடகையும் ஏற, பேக்கரியில் காபி குடிக்க வந்த கூட்டம் வருஷத்துக்கு வருஷம் மெலிந்தது.

எங்கள் வீட்டின் சொந்தக்காரர் கீழே இருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். நாங்கள் மேல் மாடியில். ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவோம். கணவர் இறந்ததிலிருந்து கறுப்பைத் தவிர வேறெதுவும் உடுத்தமாட்டார். ஞாயிற்றுக்கிழமை வரும் அவர் மகள் "இந்தக் காலத்தில் யார் இதையெல்லாம் செய்கிறார்கள்" என்று சண்டை போடுவாள். ஆன்ட்டி காதிலேயே போட்டுக்கொள்ளமாட்டார்.

தினமும் காலையில் காபிக் கோப்பையோடு வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். என் கணவர் ரயிலுக்கு இறங்கிவந்ததும் எழுந்து நின்று, தன் மொழியில் ஏதோ சொல்லி, காற்றில் சிலுவை வரைந்து அனுப்புவார். ஒருநாள் காரணம் கேட்டேன். அவர் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று நொண்டி என்பதால் எங்களுக்குள் பேச்சு சுலபம். அவர் பிறந்தது லிஸ்பனுக்கு வெளியே, வேலைக்குப் போகிறவர்கள் தூங்க மட்டும் திரும்பிவருகிற ஓர் ஊராம். முதல் ரயிலில் ஊரே காலியாகிவிடும். ராத்திரி வருகிறவர்களுக்கு எதிர்வீட்டுக்காரர் முகம்கூடத் தெரியாது. "அதனால எங்கம்மா சொல்லுவாங்க, ரயிலுக்குப் போறவங்களை யாராவது ஒருத்தர் வாசல்ல நின்னு அனுப்பணும். அனுப்ப ஆள் இருந்தாத்தான் அது வீடு" என்றார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

ஈரோட்டிலிருந்து அம்மா, என் மகளுக்கு அம்மாயி, ஆறு மாதம் தங்குவதற்கு வந்தார். நான் பன்னிரண்டாவது படிக்கும்போது அப்பா போய்விட்டார். அன்றிலிருந்து அம்மா நல்ல காரியம் எதற்கும் முன்னால் வந்து நின்றதில்லை. யாராவது கிளம்பினால் பின்கட்டுக்குப் போய்விடுவார். என் கல்யாணத்தில் பெரியப்பாவும் பெரியம்மாவும்தான் என்னைத் தாரைவார்த்தார்கள். அம்மா மண்டபத்தின் சமையற்கட்டில் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தார். இதற்காக நான் போடாத சண்டையில்லை. ஆண்களுக்கு இல்லாத சகுனம் பெண்களுக்கு எதற்கு என்று சொந்தக்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம் கத்தியிருக்கிறேன். இங்கே வந்த பிறகும் மாப்பிள்ளை ஷூ மாட்டும் சத்தம் கேட்டால் அம்மா படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

அம்மா இருக்கும்போதுதான் எங்கள் க்ரீன் கார்டு இன்டர்வியூ வந்தது. எத்தனையோ வருடக் காத்திருப்பு. இது கைவிட்டுப் போனால், இந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஏழு வயது மகளைத் தூக்கிக்கொண்டு எந்த நேரமும் கிளம்பவேண்டிவரலாம் என்ற பயம் எங்கள் சோற்றிலேயே கலந்திருந்தது. முந்தின நாள் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"கண்ணு, நாளைக்கு நான் ரூமை உட்டு வெளிய வரல. கீழ இருக்கற அந்தம்மாவும் எதுக்கால வராம பாத்துக்க. தெனமும் கறுப்பக் கட்டிக்கிட்டு வாசல்லயே நிக்குது."

பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்த கதை என்று சிரித்திருக்க வேண்டும். கோபப்பட்டாவது இருக்க வேண்டும். நான் நேரே கீழே போய், "இன்டர்வியூ மதியம்தான் ஆன்ட்டி" என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்துவிடக் கூடாதே என்று எனக்கும் உள்ளே உதைத்தது. ஊருக்குத்தான் என் உபதேசமெல்லாம்.

மறுநாள் ஏழரைக்கு, கோட்டு, ஃபைல், ஸ்கூல் பையோடு மகள் என்று மூவரும் பின்படி வழியாகத் திருடர்களைப் போல இறங்கினோம். கொல்லைக் கதவைத் திறந்தால் எதிரே ஆன்ட்டி. கையில் பேக்கரிப் பை. சர்ச்சுக்குப் போய் எங்களுக்காக மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, சீக்கிரம் வீடு சேரலாம் என்று பின்வழியாக வந்திருக்கிறார்.

"மதியம்னு சொன்னியே?"

"மாத்திட்டாங்க" என்று உளறினேன். அதற்குள் மேலே ஜன்னலைத் திறந்து அம்மா கத்தினார். "ரெண்டு பேரும் மேல வாங்க! உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு மறுக்காப் போங்க!"

போனோம். இரண்டு இன்ஜினியர்கள், கோட்டும் சூட்டுமாகச் சோபாவில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தோம். கீழே வந்தால் ஆன்ட்டி அதே இடத்தில், எங்களுக்காகக் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார். மகள் பக்கத்தில் நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

"எதை மறந்துட்டீங்க? பாஸ்போர்ட்டா?" என்று ஆன்ட்டி கவலையாகக் கேட்டார்.

நாங்கள் வாயைத் திறப்பதற்குள் மகள் சொல்லிவிட்டாள். "நோ, தே ஹாட் டு ஸ்டார்ட் ஓவர். அம்மாயி சேஸ் இஃப் யூ சீ எ லேடி வித் நோ ஹஸ்பண்ட், இட்ஸ் பேட் லக்."

ஆன்ட்டி என்னைப் பார்த்தார். அது விளையாட்டுப் பேச்சு என்று சொல்ல என் முகம் ஒத்துழைக்கவில்லை. அவர் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். அம்மா திரைக்குப் பின்னால் போய்விட்டார். ஆன்ட்டி ரொட்டிப் பையை என் கையில் கொடுத்துவிட்டு விலகி, கார் நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நாங்கள் தெருவுக்குப் போகும்வரை வெளியே வரவில்லை. அம்மா என் கல்யாணத்தன்று ஒதுங்கியது போலவே ஒதுங்கினார். இந்த முறை ஒதுக்கியது நான்.

இன்டர்வியூ நன்றாகவே நடந்தது. முடிவு தபாலில் வரும் என்றார்கள். அன்று சாயங்காலமே கீழே போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல, உங்க பேப்பர் முக்கியம்" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை. அடுத்த நாளிலிருந்து மாடிப்படியில் என் கணவரின் காலடி கேட்டதும் காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். இரண்டு வாரம் அப்படியே போனது. ஆன்ட்டியை அவருடைய வாசலிலிருந்தே எழுப்பி உள்ளே அனுப்பியிருந்தோம்.

ஒருநாள் மறுபடியும் போய் அழுதேன். அப்போதுதான் அவர் சொன்னார். "எங்க ஊர்ல கறுப்பு உடுத்தினவ ரயில்ல ஏறினா எழுந்து இடம் கொடுப்பாங்க. எங்கம்மா முப்பது வருஷம் உடுத்தினாங்க. ஒருநாள்கூட நின்னுக்கிட்டு வேலைக்குப் போகலை. நான் அதுக்காகத்தான் இதை உடுத்தறேன்னு இல்லை. ஆனா இது கெட்டதுன்னு எனக்கு யாரும் சொன்னதில்லை."

மேலே வந்து அம்மாவிடம் அதை அப்படியே சொன்னேன். இரண்டு வாரக் குற்ற உணர்ச்சியையும் சேர்த்து அம்மாவின் மேலேயே கொட்டினேன். "பாத்தியாம்மா உன்னோட சகுனம் செஞ்ச வேலைய? எத்தன வருஷமா சொல்றேன்? எங்கல்யாணத்துல நீ முன்னால வந்து நின்னிருந்தா யாரு உன்னத் தடுத்திருப்பா?"

அம்மா பீன்ஸ் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"சண்டையெல்லாம் ஊரக் கூட்டிப் போட்ட, செரி. அன்னிக்கு மேடையிலிருந்து எறங்கி வந்து, வாம்மான்னு கையப் புடிச்சுக் கூப்புட்டியா கண்ணு?"

கூப்பிடவில்லை. மணமேடையில் உட்கார்ந்து ஒருமுறை சமையற்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அம்மா வராதது அன்று எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவுக்கு அது இத்தனை வருடமாகத் தெரிந்தே இருந்திருக்கிறது. அம்மா மறுபடி பீன்ஸை எடுத்துக்கொண்டார்.

அடுத்த நாள் காலை கணவர் ஷூ மாட்டும்போது அம்மா படுக்கையறைக்குள் போனார். நான் பின்னாலேயே போய்க் கையைப் பிடித்தேன். "வாம்மா." அம்மா திமிறினார். "உடு கண்ணு, பேப்பர் வரட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். நான் விடவில்லை. படியில் பாதி இழுத்துக்கொண்டும் பாதி அணைத்துக்கொண்டும் கீழே கூட்டிவந்து, இன்னொரு கையால் ஆன்ட்டியின் கதவைத் தட்டினேன்.

ஆன்ட்டி கதவைக் கொஞ்சமாகத் திறந்தார். என்னை, அம்மாவை, பின்னால் பையோடு நிற்கும் என் கணவரைப் பார்த்தார்.

"அவர் கிளம்பறார் ஆன்ட்டி. வந்து அனுப்பி வைங்க" என்றேன்.

"பேப்பர் வந்துடுச்சா?"

"இன்னும் வரலை."

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா இப்போது திமிறவில்லை. என் கைக்குள்ளிருந்து கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. ஆன்ட்டி கதவை முழுக்கத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.