மதகுச் சுவரில் ஏறிய நத்தைகள்

விடிந்ததும் மதகுக்கு வந்து, சுவரின் மேல் வலது காலால் ஓங்கி ஒரு மிதி மிதிப்பாள் ஜோதிலட்சுமி. தண்ணீர் மட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் நத்தைகள் பொத்துப் பொத்தென்று உள்ளே விழும். எத்தனை விழுந்தன என்று காதாலேயே எண்ணிக்கொள்வாள். பத்துக்கு மேல் என்றால் முகம் கழுவப் போவாள். குறைந்தால் அங்கேயே குந்திவிடுவாள். "இன்னாங்கடி, ஊட்ட வுட்டு எங்க பூட்டீங்க?" என்று கல்லைப் புரட்டித் தேடுவாள்.

அதே நத்தை இளம்பயிரில் ஏறிவிட்டால் ஈவிரக்கம் கிடையாது. செருப்புக் காலால் நசுக்கிவிட்டுத்தான் அடுத்த வேலை. சுவரில் இருக்கும்வரை சொந்தக்காரி, வரப்பைத் தாண்டினால் திருடி. ஏனென்று கேட்டால் விரலை மடக்குவாள். "மண்ணு கலங்கினாத்தான் பாசி. பாசி இருந்தா நத்த. நத்த இருந்தா கொக்கு வரும். கொக்கு போடற எச்சம் மறுபடி மண்ணுக்குத்தான் போவுது. இதுல ஒண்ணு லீவு போட்டாலும் நம்ம பொழப்பு பேஜாரு." லீவு என்கிற பேச்சு அவள் புருஷனிடமிருந்து வந்தது. அவன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கண்டெய்னர் வண்டி ஓட்டுகிறான். வீட்டுக்கு வருவது வாரத்துக்கு ஒரு நாள்.

ஜோதி திருவாலங்காட்டுப் பெண். அவள் தாயைப் பெற்றவரும் என் அப்பாவும் அண்ணன் தம்பி. அந்த முறையில் அவள் அம்மா எனக்குத் தங்கை, நான் இவளுக்குப் பெரியம்மா. ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. வந்த புதிதில் நத்தையோடு பேசுகிறாள் என்று மாமியார் வீட்டில் மந்திரிக்கக்கூட ஆளைக் கூப்பிட்டார்கள்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மதகைத் திருகித் தூக்கும் இரும்புக் கைப்பிடி வருஷத்துக்கு ஒரு வீட்டில் இருக்கும். யார் வீட்டில் இருக்கிறதோ அவர்கள் கழனிக்குக் கடைசியில்தான் தண்ணீர். தன் பயிரை நினைத்து யாரும் அவசரப்பட்டுத் திறந்துவிடக் கூடாது என்று பெரியவர்கள் வைத்த ஏற்பாடு. இந்த வருஷம் ஜோதியின் முறை. அறுபது ஏக்கர் பயிரும் அவள் இடுப்பில் செருகியிருக்கும் அந்த இரும்பில்தான் இருக்கிறது.

போன புரட்டாசியில் மழை ஏமாற்றிவிட்டது. நட்டு இருபது நாளான பயிர். கழனி விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. நுனி சுருண்டுகொண்டு வந்தது. இன்னும் மூன்று நாள் தாங்கினால் பெரிது. ஓடையிலும் தண்ணீர் மதகுக்கு எட்டாமல் கீழே கிடந்தது. அமாவாசைக்கு மறுநாள் காலையில் பார்த்தால் ஓடை ஒரு முழம் ஏறி நிற்கிறது. அதுவும் எப்படிப்பட்ட தண்ணீர்! அடியில் கிடக்கும் புல்லும் கூழாங்கல்லும் தெரிகிற மாதிரித் தெளிவு. ஊரே மண்வெட்டியோடு ஓடி வந்துவிட்டது. நானும் போனேன்.

ஜோதி சுவரை மிதித்தாள். ஒன்றும் விழவில்லை. இன்னொரு முறை மிதித்தாள். அதற்குப் பிறகு கைப்பிடியை இடுப்பிலிருந்து எடுக்கவே இல்லை.

அவளுடைய சின்ன மாமனார் சடையப்பனுக்கு மதகை ஒட்டி மூன்று ஏக்கர். முதல் தண்ணீர் அவருக்குத்தான். கரையோரம் நடந்து முகர்ந்து பார்த்தார். குச்சியால் கலக்கிப் பார்த்தார்.

"நாத்தம் இல்ல, நொர இல்ல, கலரு இல்ல. இதுக்கு மேல இன்னாம்மா ஓணும்? உன் நத்த வந்து கையெழுத்து போடணுமா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். சடையப்பன் மகன் குணா கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் கழிவுநீர் சுத்தம் செய்யும் இடத்தில் வேலை செய்கிறான். நைட் ஷிப்ட் முடித்து அப்படியே வந்திருந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத் துண்டை எடுத்து நனைத்து, நிறத்தை அட்டையோடு வைத்துப் பார்த்தான். "ஏழு. ஆசிட்டு எதுவும் இல்ல. தைரியமா தூக்கு, அண்ணி."

தொழிற்பேட்டை பெருகிய நாளிலிருந்து எங்கள் ஊர் தண்ணீரைப் பார்க்கிற விதமே அப்படி ஆகிவிட்டது. கருப்பா, நுரையா, மருந்து வாசனையா என்று பார்ப்போம். அது எதுவும் இல்லையென்றால் நல்ல தண்ணீர்.

ஜோதி குணாவிடம் கேட்டாள். "மழையே இல்ல. தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு நைனா?"

மேலே ஏரியில் திறந்துவிட்டிருப்பார்கள் என்றான் குணா. அந்த ஏரியின் காய்ந்த தரையில் முந்தாநாள் மாடு நடந்து போனதைத் தான் பார்த்ததாக ஜோதி சொன்னாள். அதற்குள் பின்னால் இருந்தவர்களுக்குப் பொறுமை போய்விட்டது. வெயில் ஏறுகிறது என்று ஒருவர், பயிர் செத்தால் இவள் கொடுப்பாளா என்று ஒருவர். சடையப்பன் குரலைத் தாழ்த்தினார். அவர் குரல் தாழ்ந்தால்தான் பயம்.

"உன் கழனிக்குக் கடைசிலதான வரும். அந்த வயித்தெரிச்சலா ஜோதி?"

அவள் முகம் சுண்டிவிட்டது. சுவரைக் காட்டினாள். "தண்ணிய பாக்காத மாமா. சுவத்த பாரு."

பார்த்தோம். தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, வெயில் சுடுகிற காரையில், நத்தைகள் வரிசையாக ஏறி மூடியை இறுக்கிக்கொண்டு ஒட்டியிருந்தன. தண்ணீரின் மேல் ஓடித் திரியும் பூச்சி ஒன்றுகூட இல்லை. கொக்கு தூரத்தில் வெடித்த கழனியில் நின்றதே தவிர, ஓடைப்பக்கம் வரவில்லை.

குணா கையை நீட்டினான். "குட்துடு அண்ணி. நான் தூக்கிக்கிறேன். பழி என்மேல இருக்கட்டும்."

அவன் கை அவள் இடுப்புக்கு அரை அடியில் இருந்தது. கூட்டமும் ஒரு அடி நெருங்கியது. ஜோதி சட்டென்று திரும்பிப் படியிறங்கினாள். முழங்கால் தண்ணீரில் நின்று இரண்டு கையாலும் அள்ளினாள். வாயில் வைத்தாள்.

ஊரில் யாரும் அந்த ஓடைத் தண்ணீரை வாயில் வைத்து இருபது வருஷம் இருக்கும். குழந்தைகள் கால் நனைத்தாலே அடிக்கிற ஊர் இது. அவள் கொஞ்ச நேரம் நாக்கில் வைத்திருந்து துப்பினாள். இன்னொரு கை அள்ளிக்கொண்டு மேலே ஏறி, சடையப்பன் வாய்க்கு நேரே நீட்டினாள். விரலிடுக்கில் சொட்டிக்கொண்டே இருந்தது. அவர் மகனைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். குனிந்து உதட்டை நனைத்தார்.

"உப்பு," என்றார்.

"அமாவாச அலை மாமா, கடலு ஏறிகீது. மழ இல்லாத வெயில்ல கடைசி பலகை சுருங்கி இடுக்கு வுட்டுகீது. அதுல பூந்துகினு வந்துகீது. உப்பு பட்டா சேறு அடில குந்திக்கும். அதான் இவ்ளோ தெளிவு."

உப்பங்கழியில் ஓடை சேரும் இடத்தில் அலை ஏறாமல் தடுக்கப் போட்ட பலகை அது. அதையும் யாரும் போய்ப் பார்க்கவில்லை. குணா அந்தக் காகிதத் துண்டைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு, அப்பா கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக் கிழக்கே கரையோடு நடந்தான். இடுக்கை அடைக்கச் சேறு அள்ள நாலு பேர் அவன் பின்னால் போனார்கள். மற்றவர்கள் கரையிலேயே நின்றார்கள். வானத்தில் ஒரு மேகம் இல்லை. பயிர் காலையில் இருந்ததைவிட இன்னும் கொஞ்சம் சுருண்டிருந்தது.

வாயைக் கொப்பளித்துவிடு என்று என் தண்ணீர் பாட்டிலை ஜோதியிடம் கொடுத்தேன். வெறும் அரை பாட்டில்தான். உதடு வெள்ளையாய்க் காய்ந்துபோயிருந்தது அவளுக்கு. வாங்கி மூடியைத் திருகினாள். மதகுச் சுவரில் வயிறு படியக் கவிழ்ந்து, கையைக் கீழே தொங்கவிட்டு, மூடிக்கிடந்த நத்தைகளின் மேல் ஒவ்வொன்றாய், சிந்தாமல் ஊற்ற ஆரம்பித்தாள்.