புது மருந்தின் பெயர்

என் தம்பியைச் சேர்த்திருந்த புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில், பக்கத்துக் கட்டில் பெண்ணின் கணவர் அவர். விராலிமலைப் பக்கம் பன்றிப் பண்ணை வைத்திருந்தார். ஒல்லியான உடம்பு, மடிப்புக் கலையாத சட்டை. வார்டுக்குள் வரும்போதெல்லாம் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வருவார்.

அவர் மனைவிக்கு வயிற்றுப்போக்கு முற்றி, கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது. டாக்டர் ஊசி மருந்தின் பெயரைச் சொல்லி, "இதுக்குக் கிருமி அசையவே இல்ல. முன்னாடி நெறைய சாப்பிட்டிருக்காங்களா?" என்று கேட்டார்.

"அவ மாத்திரையே போட்டதில்லீங்க," என்றவர் சற்றுத் தயங்கினார். "அந்த மருந்தத்தான் பன்னித் தீவனத்துல கலக்குறேன். சீக்கு வந்துறக் கூடாதுன்னு, தெனமும்."

"எனக்குத் தைலம் வாங்கத்தான் மறந்துருவாரு," என்றார் மனைவி, கண்ணைத் திறக்காமல்.

"தெனமும் குடுத்தா கிருமிக்குப் பழகிரும். அப்புறம் கறியில, கையில ஒட்டிக்கிட்டு வீட்டுக்கே வந்துரும்," என்ற டாக்டர் வேறு மருந்து எழுதினார்.

"அது பேரச் சொல்லாதீங்க சார்."

"ஏன்?"

"தெரிஞ்சா, அடுத்த சீக்குக்கு அதையும் பன்னிக்கு வாங்கிருவேன்."

இரண்டு நாளில் அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். கணவர் கடைசிவரை அந்தப் பெயரை யாரிடமும் கேட்கவில்லை. தன்னை இவ்வளவு சரியாக அறிந்து, தனக்கே பயந்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை.