லேபிளில் நின்ற சிப்பாய்

எல்லையில் பதற்றம் என்றால் அதை முதலில் அறிவது தலைநகரம்தான் என்றொரு நம்பிக்கை மக்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சிவகாசி அச்சகம் ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பட்டாசு லேபிள்களுக்குப் புரூஃப் பார்த்துவருபவன் என்ற முறையில் இதை மறுக்க வேண்டிய பொறுப்பு எனக்கு இருக்கிறது. முதலில் அறிவது எங்கள் டிசைன் அறை. வடக்கேயிருந்து ஆர்டர் கொடுப்பவர் போன் செய்து, பூவை எடுத்துவிட்டுப் பீரங்கி போடச் சொன்னால், அன்று மாலையோ மறுநாளோ தொலைக்காட்சியில் எல்லை வந்துவிடும்.

பிள்ளையைத் தூரத்தில் விட்டுவிட்டுப் போனைப் பார்த்துப் பார்த்து வேலை செய்கிற வாசகர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. துணைக்கு ஆள் இருக்கிறது என்று மட்டும் தெரிந்துகொள்ளலாம்.

மயில் போய் டாங்கி வந்தது

ராஜஸ்தான் பார்ட்டி ஒருவர் ஆண்டுதோறும் தம்முடைய ஒற்றை வெடிக்கு மயில் லேபிள்தான் போடுவார். ஒவ்வொரு வெடியையும் சுற்றி ஒட்டுகிற, உள்ளங்கை அகலத் தாள் அது. இந்த முறை மயில் வேண்டாம், ராணுவம் வேண்டும் என்றார்.

டிசைனர் முருகேசன் ஒரு மணி நேரத்தில் டாங்கி வரைந்துகொண்டு வந்தான். அதற்கு ஆறு டயர் இருந்தது. டாங்கி டயரில் ஓடுவதில்லை, இரும்புப் பட்டையில் ஓடுகிறது, அந்தப் பட்டைக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் வரலாறு உண்டு என்று அவனுக்கு விளக்கினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டான்.

"வெடிச்சா துண்டுதுண்டாப் போற டாங்கிக்கு எம்புட்டு வரலாறு சொல்றீக, அண்ணாச்சி!"

முகம் கொடுத்தவர்

பார்ட்டிக்கு டாங்கி பிடிக்கவில்லை. சிரித்த முகத்தோடு ஒரு சிப்பாய் வேண்டும் என்றார். எங்கள் லேபிள்களில் வரும் முகங்களை நாங்கள் வெளியே தேடிப் போவதில்லை. கம்பி மத்தாப்பு பிடித்துச் சிரிக்கிற சிறுமி எங்கள் மெஷின்மேனின் மகள்தான். அவள் நர்சிங் முடித்து மதுரையில் வேலை பார்க்கிறாள். லேபிளில் மட்டும் இன்னும் ஐந்து வயது.

சிப்பாய்க்கும் உள்ளேயே ஆள் கிடைத்தது. கட்டிங் பிரிவில் லேபிள் அடுக்குகிற ஜெசிந்தா, தாயில்பட்டியிலிருந்து தினமும் கம்பெனி வேனில் வருகிறவர். அவருடைய ஒரே மகன் அருள் ராணுவத்தில் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. வடக்கு எல்லையில் இருக்கிறான். முருகேசன் கேட்டதும் சீருடையில் அவன் நிற்கிற படத்தை அந்த இடத்திலேயே அனுப்பிவிட்டார்.

வெடியின் பெயர் இடப்பக்கம் வர வேண்டும் என்பதற்காக முருகேசன் படத்தை அப்படியே இடவலமாகத் திருப்பிப் போட்டிருந்தான். அதனால் இடது மார்பில் இருக்க வேண்டிய பதக்கப் பட்டை வலது மார்புக்குப் போய்விட்டது. புரூஃபைப் பார்த்தவுடன் கண்டுபிடித்து, சிவப்புப் பேனாவின் மூடியையும் திறந்துவிட்டேன். ஆனால் அதற்குள் ஜெசிந்தா இன்னொரு புரூஃபை மெஷின் மெஷினாகக் கொண்டுபோய்க் காட்டிக்கொண்டிருந்தார். மூடியை மூடிவிட்டு, சரி என்று கையெழுத்துப் போட்டேன். தெரிந்தே ஒரு தவறை விட்டது என் உத்தியோகத்தில் அதுவே முதல் முறை.

ஜெசிந்தா என் மேஜைக்கு வந்து சொன்னார்: "ஒரு தாள்ல நாப்பத்தெட்டு அருளு நிக்கான், அண்ணாச்சி. நான் பெத்தது ஒண்ணுதான்!"

எல்லாம் தெரிந்தவன்

அதற்கு இரண்டாம் நாள் எல்லையில் நிஜமாகவே சண்டை மூண்டது. டீக்கடைத் தொலைக்காட்சியில் வரைபடங்கள் சிவப்பாக மாறின. அருளிடமிருந்து போன் இல்லை. ஜெசிந்தா அனுப்பிய செய்திகளுக்கு ஒற்றை டிக்தான் விழுந்தது. கட்டிங் மெஷினின் கத்தி இறங்கி ஏறுகிற இடைவெளியில்கூடப் போனை எடுத்துப் பார்த்தார். அது ஆபத்து என்று போர்மேன் இரண்டு முறை சத்தம் போட்டார்.

நான் ஆறுதல் சொல்லப் போனேன். இப்படிப்பட்ட நாட்களில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். செய்தி வராமல் இருப்பதே ஒரு நல்ல செய்தி என்பதற்கு மூன்று காரணமும், வல்லரசுகள் இதில் ஏன் தலையிடும் என்பதற்கு இரண்டு காரணமும் சொன்னேன். ஜெசிந்தா லேபிள் கட்டை மேஜையில் தட்டி ஓரத்தை நேராக்கினார்.

"ஒங்களுக்கு எல்லாந் தெரியுது, அண்ணாச்சி. அவன் சாப்பிட்டானான்னு மட்டும் தெரியமாட்டேங்கு."

கவரில் வந்தது

புது லேபிள் என்றால் அச்சு ஓடுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. புரூஃப் தாளைப் பட்டாசுக் கம்பெனிக்கு அனுப்புவோம். அவர்கள் அதைப் பத்து வெடிகளில் ஒட்டி வெடித்துப் பார்த்து, சிதறிய காகிதத்தை ஒரு கவரில் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். தாள் தீப்பிடிக்காமல் சுக்கலாகத் தெறித்திருந்தால் நல்ல தாள்.

அன்று வேன் டிரைவர் அந்தக் கவரை என் மேஜைக்குக் கொண்டுவராமல் கட்டிங் பிரிவில் வைத்துவிட்டுப் போனார். நான் போய்ச் சேர்வதற்குள் ஜெசிந்தா அதை மேஜையில் கொட்டியிருந்தார். அரைத் தொப்பி, ஒரு காது, பொத்தான் வரிசை. அவற்றைச் சேர்த்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை.

"இத நிப்பாட்டுங்க, அண்ணாச்சி. தெருத்தெருவா எம் புள்ளய இப்பிடிக் கூட்டி அள்ளுவாகளே."

சிவப்புப் பேனா

பிளேட் தயார். மறுநாள் காலையில் மெஷின் ஏறவேண்டிய லேபிள். என் கையெழுத்து விழுந்த புரூஃபை எங்கள் அச்சகத்தில் யாரும் திரும்பக் கேட்டதில்லை. நானே கேட்டேன். பதக்கப் பட்டை வலது மார்பில் இருக்கிறது, சீருடையைத் தப்பாகப் போட்டால் இந்த நேரத்தில் எவனாவது போனில் படம் பிடித்துப் பரப்புவான், அச்சகத்தின் பெயர் லேபிளின் அடியிலேயே இருக்கிறது என்று முதலாளியிடம் சொன்னேன்.

"திருப்பி நேராப் போட வேண்டியதுதானே?" என்றார். நேராகப் போட்டால் வெடியின் பெயர் அவன் முகத்தின் மேல் ஏறும் என்றேன். அதுவும் உண்மைதான். உண்மை இவ்வளவு ஒத்துழைத்து நான் பார்த்ததில்லை. முதலாளி அச்சை நிறுத்திவைக்கச் சொன்னார். பிறகு என்னையும், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற ஜெசிந்தாவையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இருபத்திரண்டு வருஷத்துல மொதத் தப்பு. அதையும் இன்னிக்குத்தான் கண்டுபிடிச்சீராக்கும்?"

பலூன்

பார்ட்டிக்கு எப்படிச் சொல்வது என்று முதலாளி தவித்துக்கொண்டிருந்தபோது பார்ட்டியே கூப்பிட்டார். அவருடைய ஊர் எல்லைக்குப் பக்கம். அங்கே வெடி வெடிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்களாம், மாலையானால் விளக்கையும் அணைக்கச் சொல்கிறார்களாம். படம், தாள் எல்லாவற்றையும் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள் என்று இந்தியில் சொன்னார். குரலில் வியாபாரமே இல்லை. முதலாளி போனை வைத்துவிட்டு எங்களுக்குத் தமிழில் சொன்னார்:

"அவர் பேத்தி, பலூன் வெடிச்சாக்கூடக் கட்டிலுக்கு அடியில போயிருதாம்யா."

அழைப்பு

சண்டை மூண்ட ஒன்பதாம் நாள், மதியச் சாப்பாட்டுக்கு முன், கட்டிங் பிரிவில் மெஷின் திடீரென்று நின்றது. ஜெசிந்தா போனைக் காதில் வைத்திருந்தார். "ஏலே, சாப்பிட்டியாலே?" என்றார். அப்புறம் வெகுநேரம் "ம், ம்" என்று மட்டும் கேட்டது. யாரும் மெஷினைப் போடவில்லை. போர்மேன் சத்தம் போடவில்லை. நான் தூரத்தில் நின்று, எனக்குத் தெரிந்த எதையும் யாருக்கும் சொல்லாமல் இருந்தேன்.

பேசி முடித்து நேராக என்னிடம் வந்தார். "சாப்பிட்டானாம், அண்ணாச்சி. சப்பாத்திதானாம்."

நாட்டின் பாதுகாப்பையும் வெளியுறவையும் பற்றி நான் படித்த அத்தனை கனமான புத்தகங்களிலும் இந்தத் தகவல் எங்கேயும் இல்லை.

உத்தரவை நீக்கிய பிறகு, ராஜஸ்தான் பார்ட்டியின் ஒற்றை வெடி இந்த சீசனில் மயில் லேபிளோடு போனது. மயிலின் கால்விரல்களை எண்ணிப் பார்த்து, முன்னால் மூன்று, பின்னால் ஒன்று, கையெழுத்துப் போட்டேன்.