செத்தவன் கை

ஜெத்ரோ ஸ்டப்பை இங்கிலாந்தில் ஒருமுறை தூக்கில் போட்டார்கள். துணி திருடிய குற்றம். கயிற்றை அறுத்துப் பெட்டியில் கிடத்தியபோது இருமினான். மறுபடி தொங்கவிட யாருக்கும் மனம் வரவில்லை. கப்பலில் ஏற்றி, பதினாலு வருடம் மாடாய் உழைக்க அமெரிக்காவில் மேரிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். நானும் அதே கப்பலில் வந்த கைதிதான். நான் திருடியது ஒரு செம்மறியாடு.

தண்டனை முடிந்து இருவரும் அடுத்தடுத்த நிலத்தில் புகையிலை போட்டோம். சோளக்கூழ் குடிக்க உட்கார்ந்தால் கூலிக்காரர்கள் அவனைச் சும்மா விடமாட்டார்கள்.

"ஏ செத்தவனே, உனக்கெதுக்குடா கூழு? இந்தப் பக்கம் தள்ளு."

"நீயும் செத்துட்டு வா, தரேன்" என்பான்.

ஒன்றுக்கு மட்டும் அவன் இணங்கியதில்லை. தூக்கில் செத்தவன் கையால் தடவினால் கழலைக்கட்டி கரையும் என்று எங்கள் சனம் நம்பும். அங்கே தூக்குமரத்தடியில் பிள்ளைகளோடு கூட்டம் நிற்கும். இங்கே ஜெத்ரோவைத் தேடி வந்தார்கள். ஒருவரையும் அவன் தொடவில்லை.

குளிர் தொடங்கும் நேரத்தில் என் மகள் தாம்சினுக்குப் பையன் பிறந்தான். என் முதல் பேரன். என் விரலைப் பிடித்தால் விடமாட்டான், ராஜா. ஆனால் கழுத்தில் கழலை. அது பெருக்கப் பெருக்கப் பால் இறங்கவில்லை. ஜெத்ரோவிடம் தூக்கிப் போனோம்.

"தடவி விடுடா" என்றேன்.

"கேக்காதடா."

"ஏன்?"

"கரைஞ்சிட்டா? அப்ப நான் அன்னிக்கே செத்துட்டேன்னு ஆயிடும்ல. பெட்டிக்குள்ள இருமுனது நான்தானான்னு எனக்கே தெரியல."

தாம்சின் அழுதாள். "மாமா, தொண்டைல சொட்டுகூட இறங்க மாட்டேங்குது."

ஜெத்ரோ கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையின் கழுத்தைத் தடவினான்.

இரண்டொரு நாளில் கழலை இருந்த இடமே தெரியவில்லை. பேரன் வயிறு முட்டக் குடித்து ஏப்பம் விட்டான். நாங்கள் வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தபோது ஜெத்ரோ வருவது தெரிந்தது. சட்டென்று பிள்ளையின் கழுத்தில் துணியைச் சுற்றினேன்.

"எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு. உன் கை ஒண்ணுத்துக்கும் லாயக்கில்ல."

ஜெத்ரோ கதவில் சாய்ந்து சிரித்தான். கண்ணீர் வரும்வரை சிரித்தான்.

அன்று நல்ல உறைபனி. பேசும்போது என் வாயிலிருந்தும் தாம்சின் வாயிலிருந்தும் புகையாய் மூச்சு வந்தது. பேரன் வாயிலிருந்துகூடப் பஞ்சு போலக் கொஞ்சம் வந்தது. ஜெத்ரோ இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். நான் அவன் வாயை நிமிர்ந்து பார்க்கவில்லை. குனிந்து பேரனையே கொஞ்சிக்கொண்டிருந்தேன்.